எழுதியாச்சு என்று சொன்னது யார்?

"சர்வர்ல எதுவும் சேவ் ஆக மாட்டேங்குது" என்று புகார் வந்தால், நம்மில் பலருக்குக் கை தானாக ரீபூட் பக்கம்தான் போகிறது. பல நேரம் அது வேலையும் செய்துவிடுவதால் பழக்கத்தை விடவும் முடிவதில்லை. நான் ரீபூட்டுக்கு விரோதி இல்லை. பிரிண்டர் ஸ்பூலர் தொங்கி நின்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் டிஸ்க்கில் ரைட் எரர் வந்த சர்வரை, என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்னால் யாரும் அணைத்து எழுப்பக் கூடாது என்று எங்கள் குழுவில் சட்டமே போட்டு வைத்திருக்கிறேன்.

காரணம் இதுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் புலம்பல்களை முதலில் மெமரியில் இருக்கும் ஒரு பஃபரில்தான் போடுகிறது. அங்கிருந்து எடுத்து லாக் ஃபைலில் சேர்ப்பது வேறொரு புரோகிராமின் வேலை. இப்போது அந்த லாக் ஃபைல் இருக்கிற டிஸ்க்கே மக்கர் செய்கிறது என்றால், எந்தச் செக்டரில், எந்தக் கன்ட்ரோலரில், எந்த நொடியில் தகராறு தொடங்கியது என்ற வரிகள் டிஸ்க்குக்குப் போகாமலே இருந்திருக்கலாம். அப்போது அவை மெமரியில் மட்டும் இருக்கும். ரீபூட் அடித்த கணத்தில் அந்தச் சாட்சி போய்விடும். பிறகு சர்வர் நல்லபடியாக எழுந்துவிட்டாலும், "ஏன் வந்தது, மறுபடி வருமா" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

ஆகவே முதல் வேலை, என் மெஷினில் உட்கார்ந்து, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியாக, அந்தப் பஃபரைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை ஓட்டி, அது கக்குவதை என் பக்கத்து டிஸ்க்கில் சேமித்துக்கொள்வது. எஸ்எஸ்ஹெச்சே உள்ளே விடவில்லை என்றால் கன்சோல் திரையைப் போனில் படம் எடுத்தாலும் போதும். அதுவரை அந்தச் சர்வரில் எதையும் "சும்மா முயற்சி செய்து" பார்ப்பதில்லை.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒருநாள் கூப்பிட்டான்.

"அண்ணே, டிஸ்க் போயிடுச்சு போல."

"யாருப்பா சொன்னா?"

"சர்வர்தாண்ணே சொல்லுது."

"சர்வர்ல யாரு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பான். கேலி இல்லை, இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான கேள்வி அதுதான். அப்ளிகேஷன் சொன்னதா, ஃபைல் சிஸ்டம் சொன்னதா, கெர்னலின் பிளாக் லேயர் சொன்னதா, கன்ட்ரோலர் டிரைவர் சொன்னதா, இல்லை டிஸ்க்கே தன் வாயால் சொன்னதா? எழுதும் வேலை இத்தனை கை மாறித்தான் டிஸ்க்கின் தட்டுக்குப் போகிறது. புகார் சொல்கிற கை ஒன்றாக இருக்கும், தவறிய கை வேறாக இருக்கும். தவறியது ஒரு நேரம், புகார் வந்து சேர்வது இன்னொரு நேரம்.

எழுதும் அழைப்பு தோற்றால் லினக்ஸ் ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. 28 என்றால் இடமில்லை. 5 என்றால் இன்புட் அவுட்புட் எரர். 30 என்றால் ஃபைல் சிஸ்டம் ரீட் ஒன்லியாக இருக்கிறது. 122 என்றால் அந்த யூசருக்குக் கொடுத்த கோட்டா தீர்ந்தது. பில் போட முடியாமல் நிற்கிற கேஷியருக்கு நான்கும் ஒன்றுதான்: "சேவ் ஆகல." நமக்கு அவை நான்கு வெவ்வேறு வீட்டுக் கதவுகள். டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் எந்த எண் வந்தது என்று பார்க்காதவர்கள் எத்தனையோ நல்ல டிஸ்க்குகளைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

28-இல் தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் அதிகம் வருவது, அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். இடமில்லை என்கிறது எரர். காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தால் பாதி டிஸ்க் காலி என்கிறது. இரண்டுமே உண்மை. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே அதில் எத்தனை ஃபைல் வைக்கலாம் என்பது, அதாவது ஐநோடுகளின் எண்ணிக்கை, முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு. 100 ஜிபி பார்ட்டிஷனில் சுமார் 65 லட்சம் வரும். நிறையத் தோன்றும். ஆனால் பழைய பிஹெச்பி தளம் ஒன்று, வந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டி செஷன் ஃபைலைப் போட்டுக்கொண்டே போய், அதை யாரும் கூட்டிப் பெருக்காமல் விட்டால், 65 லட்சமும் ஒருநாள் தீரும். டிஎஃப் கட்டளையோடு ஹைஃபன் ஐ சேர்த்து அடித்தால் அங்கே நூறு சதவீதம் என்று நிற்கும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் தேவைக்கேற்ப ஐநோடுகளை உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது, அழித்தும் அழியாத ஃபைல். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று யாரோ பதறி, பூதாகாரமான லாக் ஃபைலை ஆர்எம் போட்டுத் தூக்கியிருப்பார்கள். பெயர் போய்விடும், இடம் திரும்பாது. அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் அதை மூடும்வரை கெர்னல் அந்த பிளாக்குகளை விடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் ப்ளஸ் எல் ஒன்று என்று கொடுத்தால் இப்படிப் பெயரில்லாமல் உயிரோடு இருப்பவை வரிசையாக வரும். அந்த ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், மெஷினை அல்ல.

இதைவிட நுட்பமான ஒன்று, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசருக்கு ஒதுக்கிய ஐந்து சதவீதம். இஎக்ஸ்டி4 இயல்பாகவே மொத்த இடத்தில் 5% பிளாக்குகளை ரூட் யூசருக்கென்று பிடித்து வைக்கிறது. 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. டேட்டாபேஸ் தன் சொந்த யூசராக ஓடும், இடமில்லை என்று செத்துப்போகும். நாம் ரூட்டாக உள்ளே போய் டச் கட்டளையால் ஒரு ஃபைலை உருவாக்கிப் பார்ப்போம், அழகாக எழுதும். "எனக்கு எழுதுதே, உங்க அப்ளிகேஷன்லதான் பிரச்சினை" என்று டெவலப்பரோடு சண்டை தொடங்கும். இந்தச் சண்டையைப் பல அலுவலகங்களில் பார்த்துவிட்டேன். எந்த யூசருக்கு எரர் வந்ததோ அந்த யூசராகவே மாறிச் சோதித்துப் பார்த்தால் வாக்குவாதமே வராது.

இடையில் ஒரு வேடிக்கை. "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற அதே வாசகம், டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலும் வரும். ஃபைல் மாற்றங்களைக் கவனிக்க உதவும் ஐநோட்டிஃபையில் ஒரு யூசர் இத்தனை கண்காணிப்புகள்தான் வைக்கலாம் என்று வரம்பு உண்டு. பழைய கெர்னல்களில் அது 8,192. அதைத் தாண்டினால் கெர்னல் அதே 28-ஐத் தூக்கி நீட்டும். யாரோ அன்றைக்குப் புதிய எரர் எண் ஒன்றை உருவாக்கச் சோம்பல்பட்டார்களோ என்னவோ. டிஸ்க்கில் இடத்தைத் தேடித் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்தச் சோம்பலின் விலை தெரியும்.

விர்ச்சுவல் மெஷின்களில் இன்னொரு மாயம் சேர்ந்துகொள்கிறது: தின் ப்ரொவிஷனிங். இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டுவது. ஒரு டிபி பொது இருப்பை, அதாவது பூலை, வைத்துக்கொண்டு நான்கு மெஷின்களுக்கும் ஆளுக்கு 500 ஜிபி என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். கேட்கும் நாளில், உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் தன்னிடம் பாதி இடம் காலி என்று மனசாரச் சொல்லும், கீழே பூல் நிரம்பியிருக்கும். லினக்ஸின் தின் பூல் நிரம்பினால், வழக்கமான அமைப்பில், வந்த எழுத்துகளை 60 நொடி நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு எரர் கொடுக்கத் தொடங்கும். அந்த ஒரு நிமிடம் எல்லாம் உறைந்து நிற்கும், அதன் பிறகு மழைபோல எரர் கொட்டும். "முதலில் ஹேங் ஆச்சு, அப்புறம் எரர் வந்துச்சு" என்று யாராவது சொன்னால் நான் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன் பூலைப் பார்க்கிறேன்.

சரி, 5 வந்துவிட்டது. இன்புட் அவுட்புட் எரர். இப்போதாவது டிஸ்க் போய்விட்டதா?

இங்கேதான் பலருக்கு நம்பக் கடினமான ஒரு விஷயம். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில், தட்டில் ஒரு இடம் கெட்டுப்போனதால் ரைட் எரர் வருவது அபூர்வம். படிக்கும்போது எரர் வருவது சகஜம். எழுதும்போது வருவதுதான் அபூர்வம். படிக்க முடியாத செக்டர் ஒன்று அகப்பட்டால் டிஸ்க் அதைத் தள்ளி வைக்க முடியாது, அதில் என்ன இருந்தது என்று அதற்கே தெரியாது. எனவே "நிலுவை" என்று குறித்துக்கொள்ளும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 197-ஆம் வரி அதுதான். அதே இடத்தில் நாம் புதிதாக எதையாவது எழுத வந்தால் டிஸ்க்குக்கு நிம்மதி: பழையது இனி தேவையில்லை. எழுதிப் பார்க்கும். அந்த இடம் தேறினால் வைத்துக்கொள்ளும், தேறாவிட்டால் கையிருப்பில் இருக்கும் மாற்றுச் செக்டரில் எழுதிவிட்டு அதே பட்டியலின் 5-ஆம் வரியில் கணக்கு ஒன்றைக் கூட்டும். நமக்கு எரரே வராது. பழைய டிஸ்க்கில் முழுக்கப் பூஜ்யம் எழுதினால் அது "சரியாகிவிடுகிற" அதிசயத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வெளியே 512 பைட் செக்டர் என்று காட்டிக்கொண்டு உள்ளே 4,096 பைட் செக்டராக இருக்கும் டிஸ்க்குகளில், சின்னத் துண்டு ஒன்றை எழுத வேண்டுமானால் மீதித் துண்டுகளை முதலில் படித்தாக வேண்டும். அந்தப் படிப்பு தோற்றால் எழுத்தும் தோற்கும்.

மற்றபடி, டிஸ்க் ரைட் எரர் கொடுக்கிறது என்றால் மூன்றில் ஒன்று. மாற்றுச் செக்டர்கள் தீர்ந்துவிட்டன. அல்லது தலைப்பகுதியோ எலக்ட்ரானிக்ஸோ போய்விட்டது. அல்லது நாம் எழுதச் சொன்னது டிஸ்க்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை. என் அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம்.

ஒரு கணக்காளர் அலுவலகத்தின் ஃபைல் சர்வர். நான்கு டிஸ்க்குகள், லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தரவு பிழைக்கும்படி அவற்றைச் சேர்த்துக் கட்டிய அமைப்பு. பகலில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் பேக்கப் தொடங்கியதும் ரைட் எரர், ரெய்டிலிருந்து ஒரு டிஸ்க் வெளியே. மெஷினை விற்றவர்கள் வந்து டிஸ்க்கை மாற்றினார்கள். சில நாளில் இன்னொரு டிஸ்க் வெளியே. அதையும் மாற்றினார்கள். மூன்றாவதாக ஒன்று விழுந்தபோது "இந்த பேட்ச்சே மோசம் சார்" என்று ஒரு விளக்கம் கிடைத்தது. அப்போதுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

லாக்கைப் பார்த்தால், எரர் வந்த அதே நொடியில் இரண்டு டிஸ்க்குகள் முணுமுணுத்திருந்தன. ஒன்று மட்டும்தான் ரெய்டிலிருந்து விழுந்தது. மற்றது "ஹார்டு ரீசெட்டிங் லிங்க்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் பிழைத்துக்கொண்டது. இரண்டு டிஸ்க்குகள் ஒரே நொடியில் கெடுவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்றுதான் தேட வேண்டும். ஸ்மார்ட்டில் 199-ஆம் வரி, அதாவது டேட்டா கேபிளில் போகும் தகவல் சிதைந்த கணக்கு, ஏறவில்லை. எனவே டேட்டா கேபிள் மேல் சந்தேகம் குறைந்தது. காட்டிக் கொடுத்தது 12-ஆம் வரி: டிஸ்க்குக்கு எத்தனை முறை மின்சாரம் போய் வந்தது என்ற கணக்கு. சர்வர் மாதக்கணக்கில் அணையாமல் ஓடுகிறது. அந்த இரண்டு டிஸ்க்குகளுக்கு மட்டும் அந்த எண் ஏறிக்கொண்டே இருந்தது. அவை இரண்டும் ஒரே பவர் கேபிளிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தவை. பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்த ஸ்ப்ளிட்டரின் ஒரு பக்கப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. பேக்கப் நேரத்தில் எல்லா டிஸ்க்கும் சேர்ந்து மின்சாரம் இழுக்கும்போது அங்கே தொடர்பு ஒரு கணம் விட்டுப் பிடித்திருக்கிறது. ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இழுத்தோம், அதோடு முடிந்தது. "கெட்டுப்போன" டிஸ்க்குகளை முழுமையாகச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை.

இந்த ஸ்மார்ட் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நல்ல சாட்சியம் 2007-லேயே வந்துவிட்டது. கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க், அதன் பிறகான 60 நாட்களில் சாகும் வாய்ப்பு, எரர் வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு. ஆனால் மறுபக்கம், செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன. ஸ்மார்ட் கெட்டது சொன்னால் உடனே நம்பலாம். "பாஸ்டு" என்று சொன்னால் அது ஒன்றும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வந்த பிறகு சாவின் விதமே மாறியது. எழுதி எழுதித் தேய்ந்த பிறகு சில எஸ்எஸ்டிக்கள் தங்களை ரீட் ஒன்லியாக்கிக்கொள்ளும். எஸ்எஸ்டிக்களுக்கான என்விஎம்இ தரத்தில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை பிட் இருக்கிறது. 2013-இல் தொடங்கி தி டெக் ரிப்போர்ட் தளம் சில எஸ்எஸ்டிக்களைச் சாகும்வரை எழுதிச் சோதித்தது. அதில் ஒரு மாடல் ரீட் ஒன்லியாகி நின்றது. அடுத்த ரீபூட்டோடு அது கல்லாகிவிட்டது, படிக்கவும் முடியவில்லை. உற்பத்தியாளர் அப்படித்தான் வடிவமைத்திருந்தார். எங்கள் குழுவின் சட்டத்துக்கு இது இரண்டாவது காரணம்.

டிஸ்க்குக்கு உள்ளேயே ஓடும் புரோகிராமான ஃபர்ம்வேரில் எண் வழிந்த கதை இன்னும் மோசம். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது: தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிக்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், தரவையும் மீட்க முடியாது. 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். புரோகிராம் எழுதுபவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். மைனஸையும் சேர்த்து எண்ணும் 16 பிட் எண் ஒன்று தன் எல்லையான 32,767-ஐத் தாண்டுகிற இடம் அது. சில மாதம் கழித்து, 2020 மார்ச்சில், 40,000 மணி நேரத்தில் சாகும் இன்னொரு வகைக்கும் அறிவிப்பு வந்தது. ரெய்டு போடுகிறவர்கள் டிஸ்க்குகளை ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் பவர் கொடுக்கிறார்கள். அத்தனையும் ஒரே மணி நேரத்தில் போனால் ரெய்டு என்ன செய்யும்? ஃபர்ம்வேர் அப்டேட்டை யாரும் ஆசையாகச் செய்வதில்லை. எனக்கும் பிடிக்காது. ஆனால் ஸ்டோரேஜ் ஃபர்ம்வேர் அறிவிப்பு மெயில்களை மட்டும் நான் படிக்காமல் விடுவதில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். மேலே சொன்னதெல்லாம் எரர் நம் கைக்கு வந்து சேர்ந்த கதைகள். வராமலே போனால்?

ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதுகிறது. கெர்னல் "சரி" என்கிறது. அந்தச் "சரி"க்கு அர்த்தம், தகவல் டிஸ்க்குக்குப் போய்விட்டது என்பதல்ல. மெமரியில் பேஜ் கேஷில் வாங்கி வைத்திருக்கிறேன் என்பதுதான். தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் கடிதம் போடுவதுபோல. பெட்டி வாங்கிக்கொள்ளும், போய்ச் சேர்ந்ததா என்று பெட்டிக்குத் தெரியாது. ஒப்புகை அட்டை வேண்டுமென்றால் எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், இயல்பான அமைப்பில், அழுக்குப் பட்ட பேஜ், அதாவது மாறியும் இன்னும் டிஸ்க்குக்குப் போகாத மெமரித் துண்டு, 30 நொடி பழையதானதும் கெர்னல் தன் வசதிப்படி டிஸ்க்குக்கு அனுப்பும். அந்த நேரத்தில் டிஸ்க் மறுத்துவிட்டால், எழுதிய புரோகிராம் அதற்குள் எங்கேயோ போயிருக்கும். கெர்னல் லாக்கில் "லாஸ்ட் அசிங்க் பேஜ் ரைட்" என்று ஒரு வரி விழும். யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்ததாக எஃப்சிங்க் கேட்பவரிடம். சரிதானே? போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸை உருவாக்கியவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எஃப்சிங்க் தோற்றால் இன்னொரு முறை கேட்கலாம், அது "சரி" என்று சொன்னால் அதற்கு முந்தையவை எல்லாம் பத்திரமாகப் போய்விட்டன என்று அர்த்தம் என்ற நம்பிக்கையில் அந்த டேட்டாபேஸின் செக்பாயின்ட் வேலை கட்டப்பட்டிருந்தது. மாற்றங்களை முதலில் வால் என்ற முன்பதிவு லாக்கில் எழுதுவார்கள். பிறகு டேட்டா ஃபைல்களை எழுதி எஃப்சிங்க் செய்வார்கள். அது ஜெயித்த பிறகே பழைய வாலைக் கழிப்பார்கள். தோற்றால் மறுபடி முயற்சி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் என்ற டெவலப்பர், ஸ்டோரேஜ் எரர் ஒன்றுக்குப் பிறகு ஒரு பயனரின் தரவு சிதைந்ததைத் துருவிப் போய், அந்த நம்பிக்கையே பொய் என்று போட்டு உடைத்தார். லினக்ஸில் ஒரு பேஜை டிஸ்க்கில் எழுதுவது தோற்றுவிட்டால், கெர்னல் அந்த எரரைக் குறித்துக்கொள்கிறது, கூடவே அந்தப் பேஜைச் "சுத்தம்" என்றும் மாற்றிவிடுகிறது. முதல் எஃப்சிங்க்குக்கு எரர் போகும். இரண்டாவது எஃப்சிங்க் வரும்போது எழுத வேண்டிய அழுக்குப் பேஜ் எதுவும் இல்லை, எரரும் ஏற்கனவே சொல்லியாயிற்று. எனவே "சரி". டேட்டாபேஸ் நிம்மதியாக வாலைக் கழித்துவிடும். இப்போது அந்தத் தகவல் டேட்டா ஃபைலிலும் இல்லை, வாலிலும் இல்லை. டேட்டாபேஸின் லாக்கில் தரவு போனதாக ஒரு வரியும் இல்லை. முதல் முயற்சி தோற்று இரண்டாவது முயற்சி வென்றது என்ற தெம்பூட்டும் ஒரு பதிவு மட்டும் அங்கே இருக்கும்.

கெர்னல்காரர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. யூஎஸ்பி டிரைவில் பெரிய ஃபைலைக் காப்பி செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் அதைப் பிடுங்கிவிடுகிறார். அந்தப் பேஜ்களை எழுதும்வரை அழுக்காகவே வைத்திருப்பேன் என்று கெர்னல் அடம்பிடித்தால், திரும்பி வராத டிரைவுக்காக மெமரி நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் வேறு முடிவு எடுத்திருந்தது. அங்கே தோற்ற பேஜ்கள் அழுக்காகவே இருக்கும், அடுத்த முயற்சிக்கு அர்த்தம் உண்டு. என் மனசு ஃப்ரீபிஎஸ்டி பக்கம்தான் சாய்கிறது. ஆனால் என் சர்வர்கள் எல்லாம் லினக்ஸ்.

அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில் நடந்த லினக்ஸ் ஸ்டோரேஜ் மாநாட்டில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. அதற்கு முன் 2017-இல் வந்த 4.13 கெர்னலிலேயே, ஜெஃப் லேட்டனின் வேலையால், ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எரர் தனித்தனியாகப் போகும்படி ஆகியிருந்தது. அதற்கும் முந்தைய கெர்னல்களில் நிலைமை இன்னும் கேவலம்: யார் முதலில் கேட்டாரோ அவர் எரரை வாங்கிக்கொண்டு போய்விடுவார், தகவலின் சொந்தக்காரருக்குக் காதில் விழாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரப்பு 2019 பிப்ரவரியில் தன் முடிவை வெளியிட்டது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுமுயற்சியே கிடையாது. டேட்டாபேஸ் பானிக் ஆகித் தன்னைத்தானே கொன்றுகொள்ளும், எழுந்து வாலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதும். 11.2, 10.7 என்று பழைய பதிப்புகளுக்கும் அந்த மாற்றம் போனது. அதே மாதம் பிரஸ்ஸல்ஸில் தாமஸ் வோண்ட்ரா இதைப் பற்றிப் பேசிய உரையின் தலைப்பே, 20 வருடமாக எஃப்சிங்க்கைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறோம், எப்படி அது சாத்தியமானது என்ற கேள்விதான். டேட்டாபேஸ் உலகில் இவ்வளவு வெளிப்படையாகத் தன்னைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இதற்காகவே எனக்குப் போஸ்ட்கிரெஸ் மேல் மரியாதை கூடியது.

2020-இல் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றின் மேலும் ரெடிஸ், எஸ்கியூலைட், லெவல்டிபி, எல்எம்டிபி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகிய தரவு சேமிக்கும் புரோகிராம்களை ஓட்டி, எஃப்சிங்க்கை வேண்டுமென்றே தோற்க வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஃபைல் சிஸ்டமும் மூன்று விதமாக நடந்துகொண்டன. ஐந்து அப்ளிகேஷன்களில் ஒன்றுகூட முழுதாகத் தப்பவில்லை.

இதிலிருந்து என் தினசரி வேலைக்கு வந்த மாற்றம் ஒன்றுதான்: "ரெண்டாவது தடவை ஒர்க் ஆயிடுச்சு" என்ற செய்தி இப்போதெல்லாம் எனக்கு நிம்மதி தருவதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் கெர்னல் லாக்கைத் திறக்கிறேன்.

ஃபைல் சிஸ்டம் ரீட் ஒன்லியாகிவிட்டது என்று பதறுகிறவர்களுக்கும் ஒன்று. டெபியனும் உபுண்டுவும் ரூட் பார்ட்டிஷனுக்கு, எரர் வந்தால் ரீட் ஒன்லியாகிவிடு என்ற ஆப்ஷனை நிறுவும்போதே எழுதி வைக்கின்றன. தன் கணக்குப் புத்தகம் சிதைந்திருக்கிறது என்று உணர்ந்த இஎக்ஸ்டி4, மேலும் எழுதினால் இருப்பதும் நாசமாகும் என்று தானே நின்றுவிடுகிறது. அதை ரீமவுன்ட் செய்து மறுபடி எழுதும் நிலைக்குக் கொண்டுவருவது ஒரு வரிக் கட்டளை, செய்யாதீர்கள். அதேசமயம், ரீட் ஒன்லியாகவில்லை என்பதற்காக எல்லாம் சுகம் என்றும் எண்ண வேண்டாம். இந்த நிறுத்தம் மெட்டாடேட்டாவில், அதாவது அந்தக் கணக்குப் புத்தகத்தில், கோளாறு வந்தால்தான். ஃபைலின் உள்ளடக்கத்தை எழுதுவது மட்டும் தோற்றால் இஎக்ஸ்டி4 இயல்பான அமைப்பில் அதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே விஷயத்திலும் இதே எச்சரிக்கை. அது பரிசோதிக்கும் கருவி என்ற பெயரில் வருகிற, எழுதும் கருவி. டிஸ்க் உண்மையிலேயே சாகிறது என்றால் முதலில் டிடி-ரெஸ்க்யூவால் இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி. எங்கே நிறுத்தினோம் என்று அது தன் மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு முரண்டு பிடிக்கும் செக்டர்களைக் கடைசியில் தட்டலாம். பிறகு அந்தப் பிரதியின் மேல் எஃப்எஸ்சிகே. ரெய்டாக இருந்தால், புது டிஸ்க்கைச் செருகுவதற்கு முன் மற்ற டிஸ்க்குகளின் 197-ஆம் வரியைப் பார்த்துவிடுங்கள். ரீபில்ட் என்பது மிச்சமுள்ள டிஸ்க்குகளை முதல் செக்டரிலிருந்து கடைசிவரை படிக்கும் வேலை. வருடக்கணக்கில் யாரும் தொடாத மூலையில் ஒரு நிலுவைச் செக்டர் இருந்தால் அது வெளிப்படுவது அப்போதுதான்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "நம்ம ஸ்கிரிப்ட் எல்லாம் எரர் வந்தா கவனிக்குமாண்ணே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதைச் சோதிக்க டிஸ்க்கை நிரப்ப வேண்டியதில்லை. லினக்ஸில் டெவ் ஃபுல் என்று ஒரு சாதன ஃபைல் இருக்கிறது. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற 28 திரும்பி வரும், அதன் பிழைப்பே அதுதான். சி மொழிப் புத்தகத்தில் முதல் பக்கத்து ஹலோ வேர்ல்டு புரோகிராமை கம்பைல் செய்து, அதன் வெளியீட்டை டெவ் ஃபுல்லுக்குத் திருப்பிவிட்டோம். ஓர் எழுத்துகூட எழுதப்படவில்லை. எக்ஸிட் கோடு பூஜ்யம், அதாவது வெற்றி. பிரின்ட்எஃப்புக்குப் பின்னால் இருக்கும் பஃபர், புரோகிராம் முடிகிற நேரத்தில்தான் காலியாகிறது. அங்கே வரும் எரரை அந்தப் புரோகிராம் கேட்டு வாங்கவே இல்லை. பைத்தான் 3-இல் அதையே செய்தால் எரர் சத்தமாக வரும்.

பிறகு எங்கள் பேக்கப் ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். பேக்கப் நகலான டம்ப்பை எழுதும் பாதையை டெவ் ஃபுல்லாக மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். பழையது ஒன்றில், டம்ப் வரி எரரைக் கத்திவிட்டு நிற்க, அடுத்த வரி அதைக் கண்டுகொள்ளாமல் எல்லோருக்கும் "பேக்கப் வெற்றி" என்று மெயில் அனுப்பியது. உங்களிடம் இருக்கும் ஸ்கிரிப்டிலும் இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சோதனை மெஷினில்.